நெறி கட்டிய கால்

மன்னார்குடி
12.11.2024

அன்புள்ள சண்முகம்,

"ஜப்பானில் சதை தின்னும் பாக்டீரியா" என்று நீ வாட்ஸாப்பில் அனுப்பிய வீடியோவுக்கு நான் பதிலே போடவில்லை என்று கோபித்திருப்பாய். அது வந்த அன்று வலது காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். காலில் இருந்தது அதே கிருமிதான். பயப்படாதே, தேறிவிட்டேன். குச்சி ஊன்றித் திண்ணை வரை போகிறேன்.

ஐப்பசி மழையில் நாலு நாள் வயலில் நின்றதில் சேற்றுப்புண். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே தோல் வெந்து வெடித்திருந்தது. நமக்கென்ன இது புதிதா என்று மஞ்சளைக் குழைத்துத் தடவிவிட்டுப் படுத்தேன். மறுநாள் சாயங்காலம் தூக்கித் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது. பக்கத்துக் கிளினிக் ஒன்றில் வலி ஊசி போட்டு அனுப்பினார்கள். கணுக்காலில் உள்ளங்கை அகலம் சிவப்பு, அவ்வளவுதான். வலியோ உயிர் போகிறது. முப்பது வருஷம் லேபில் இருந்தவனுக்கு அங்கேதான் பொறி தட்டியது. பார்க்கச் சின்னது, வலி பெரிது என்றால் சங்கதி தோலுக்குக் கீழே இருக்கிறது. பேத்தியின் பால்பாயிண்ட் பேனாவை வாங்கிச் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டேன். மூன்று மணி நேரத்தில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறிவிட்டது. உடனே காரைக் கூப்பிடச் சொன்னேன்.

அன்று ராத்திரியே கீறிப் பார்த்தார்கள். தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு இறங்கும் முன்னால் பிடித்துவிட்டதாகச் சர்ஜன் சொன்னார். மூன்றாம் நாள் லேப் பையனிடம் கெஞ்சி, என் புண்ணின் கிருமியை வளர்த்த தட்டை வாங்கிப் பார்த்தேன். ஆட்டு ரத்தம் கலந்த சிவப்பு அகர். அதில் குண்டூசித் தலை மாதிரிப் புள்ளிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ரத்தம் கரைந்து கண்ணாடி போல ஒரு வளையம். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். எத்தனை ஆயிரம் பேருடைய தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பேன்! மேலே நம் பெயர் எழுதியிருந்தால் கை நடுங்கத்தான் செய்கிறது.

குழந்தைகளுக்குத் தொண்டை வலி தருவதும் இதுதான். வீடியோக்காரன் சொல்வது போலச் சதையை உட்கார்ந்து தின்பதில்லை. நம் உடம்பிலேயே இருக்கும் ஹயலுரானிக் அமிலத்தைப் போர்த்திக்கொண்டு வருவதால், வெள்ளை அணுக்களுக்கு வேற்றாள் என்று சட்டென்று தெரிவதில்லை. உள்ளே போனதும் நஞ்சைக் கக்கும். சாதாரணமாக ஒரு கிருமிக்கு எதிராக டி அணுக்கள் என்ற நம் வெள்ளை அணு வகையில் பத்தாயிரத்தில் ஒன்று எழுந்தாலே அதிகம். இதன் நஞ்சு ஐந்தில் ஒன்றைக்கூட ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். ரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகம் நிற்பது அதனால்தான். பாதிச் சேதம் நம் ஆட்களே செய்வது! ஜப்பானில் இந்த அதிர்ச்சி நிலைக்குப் போனவர்கள் 2023இல் 941 பேர்; 2024இல் ஜூன் தொடக்கத்துக்குள்ளேயே 977. அந்தக் கணக்கு மட்டும் வீடியோவில் சரிதான்.

பெனிசிலினுக்கு இது இன்றுவரை படியும். ஆனால் செத்த சதைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து எப்படிப் போகும்? அதனால்தான் கத்தி. நஞ்சு உற்பத்தியை நிறுத்த கிளிண்டாமைசினும் சேர்த்து ஏற்றினார்கள்.

அப்புறம், உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. கிருமி பரவாமல் இருக்க உடம்பு சுற்றிலும் ரத்தத்தை உறைய வைத்து வேலி போடும். இந்தக் கிருமியோ ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற பொருளை விட்டு, நம் ரத்தத்தில் உறைவைக் கரைக்கவென்றே இருக்கும் சரக்கைத் தட்டி எழுப்பி, வேலியைக் கரைத்துவிடும். பெயர் ஞாபகம் வருகிறதா? 1998இல் உங்கள் அப்பாவுக்கு மாரடைப்பு வந்த ராத்திரி, நர்ஸ் கொடுத்த சீட்டோடு நான் சைக்கிளில் ஓடி வாங்கி வந்த குப்பி அதுதான். பதினைந்து லட்சம் யூனிட், ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறியது. நீ ஐசியூ வாசலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கிருமியின் திருட்டுச் சாவி, அப்பாவின் இதயக்குழாய் அடைப்பைத் திறந்தது. மருந்துக்கு எடுப்பது சி பிரிவிலிருந்து. என் காலில் வந்தது ஏ பிரிவு. பங்காளிகள்தான். அமெரிக்காவில் டில்லெட்டும் கார்னரும் இந்தப் பொருளைக் கண்டு சொன்னதும், ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் இந்த ஏ, பி, சி பிரிவுகளைப் பிரித்துக் காட்டியதும் ஒரே வருஷம், 1933. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் யோசித்தால் சிரிப்பதா திட்டுவதா என்றே தெரியவில்லை. அப்பா அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தாரே, அதனால் முழுசாய்த் திட்டவும் மனசு வரவில்லை.

உனக்குச் சர்க்கரை. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் என்னைக் காப்பாற்றிய அந்த வலிகூட உனக்குத் தெரியாமல் போகலாம். ராத்திரி படுக்கும் முன் விரல் இடுக்கைப் பார். குனிய முடியாவிட்டால் கமலாவைப் பார்க்கச் சொல், திட்டினால் வாங்கிக்கொள்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? வரப்பில் நடக்க எனக்கு அதற்குள் விடுதலை கிடைத்துவிடும் என்கிறார் டாக்டர். செருப்போடுதானாம்.

உன்,
கோபால்