வலையைக் கொஞ்சம் இறக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மே மாதம் முழுக்கப் பேத்தியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வாலிபால் கோடைப் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தேன். 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். வேப்பமரத்தடியில் சும்மா உட்கார முடியவில்லை.

முதல் மூன்று வாரம் பிள்ளைகள் வலைப்பக்கமே போகவில்லை. 40 பேருக்கு ஆறு பந்து. வரிசையில் நின்று சுவரில் அடித்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு முறை பந்தைத் தொட்டதாகப் பேத்தி கணக்குச் சொன்னாள். கடைசி வாரம் மேட்ச். 18 மீட்டர் நீள ஆடுகளம், பெரிய பெண்களுக்கான 2.24 மீட்டர் உயர வலை. பத்து வயதுப் பிள்ளை சர்வீஸ் போட்டால் பந்து வலையில் மோதும். தப்பித்தவறித் தாண்டினால் அந்தப் பக்கம் தரையில் விழும். விசில். மறுபடி சர்வீஸ். கை வலுவுள்ள ஒரு சிறுமி தொடர்ந்து ஒன்பது புள்ளி எடுத்தாள். மூன்று வாரம் பழகிய, முன்கைகளைச் சேர்த்துப் பந்தைக் கீழிருந்து எழுப்பும் அண்டர்ஹேண்ட் பாஸுக்கு ஆட்டத்தில் வேலையே வரவில்லை.

அந்தப் பயிற்சியாளரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. "முதலில் கை பழகட்டும்" என்று ஆட்டத்தைத் தள்ளிப் போட்டவன்தான் நானும். பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டி நெருங்கினால் தலைகீழ்: தேறிய ஆறு பேருக்குத் தினமும் மேட்ச், மற்றவர்கள் பந்து பொறுக்குவார்கள்.

ஓய்வுபெறச் சில வருடங்கள் இருக்கும்போதுதான் புத்தி வந்தது. ஆடுகளத்தின் நீளவாக்கில் ஒரு கயிறு கட்டி, குறுக்கே மூன்று சுண்ணாம்புக் கோடு போட்டால் நாலு சின்னக் களம். பக்கத்துக்கு மூன்று பேர் என்றால் 24 பேர் ஆடலாம். மீதிப் பேர் சுவரில் பழகிவிட்டு மாறிக்கொள்ளலாம். அதே ஆறு பந்து போதும். கயிறு, பிள்ளை கையைத் தூக்கினால் விரல் தொடும் உயரம். சர்வீஸ் கிடையாது, எறிந்து தொடங்க வேண்டியதுதான். வந்ததும் பத்து நிமிடம் ஆடவிடுவேன். "பந்து ஏன் சார் பின்னால் போகிறது?" என்று அவர்களே வந்து கேட்பார்கள். கையைத் தோளுக்கு மேல் வீசுவதுதான் காரணம். கையை நிறுத்தி முழங்காலை மடக்கச் சொல்லிக் கால்மணி நேரம் அதை மட்டும் பழக்குவேன். பிறகு மறுபடி ஆட்டம்.

முகாம் நடத்தும் அதிகாரிகள் அடுத்த கோடையில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காவது இதைச் செய்து பார்க்க வேண்டும். செலவு ஒரு கயிறு.

எங்கள் வீட்டில் இப்போது மொட்டைமாடித் துணிக்கொடிதான் வலை. துவைத்த நாளில் மட்டும் ஆட்டம் இல்லை.

— ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், பழநி