கிராவல் சைக்கிளும் கல்லணைக் கால்வாய்க் கரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆற்றங்கரைகளில் சைக்கிள் ஓட்டுவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால், எந்த சைக்கிளிலும் கிளம்பலாம், கரை நெடுக நல்ல பாதைதான் என்று எழுதியதை நம்பிக் கல்லணையில் ஏறி மிதிப்பவர் பூதலூர் தாண்டுவதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். எந்த மாதம், எந்த டயர், எவ்வளவு காற்று என்று சொல்லாமல் பாதையை மட்டும் காட்டுவது பாதி வேலை.

முதலில் பெயர். மண்ணிலும் சரளையிலும் ஓட்டுவதற்கென்று அகல டயரோடு வரும் 'கிராவல் பைக்' ஏதோ அமெரிக்காவிலிருந்து இறங்கிய சரக்கு என்பதுபோலக் கட்டுரை பேசுகிறது. பெயர் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். வல்லம் பக்கத்துச் செம்மண் சரளையை லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் அதைக் 'கிராவல்' என்றுதான் சொல்கிறார்கள். பால்காரர் சைக்கிளில் இருக்கும் 28க்கு ஒன்றரை டயரின் அகலம் 38 முதல் 40 மி.மீ. புது கிராவல் சைக்கிளில் வரும் 700க்கு 40 டயரும் ஏறக்குறைய அதே அகலம்தான். அதற்காக ஒன்றைக் கழற்றி மற்றதில் மாட்ட முடியாது. பழைய ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ.; 700சி ரிம்மில் 622. கிராமத்துக் கடை ட்யூபை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் அங்கே வேறு வில்லங்கம். அதன் வால்வுத் தண்டு தடிமனானது. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் துளையிட்ட ரிம்மில் அது நுழையாது. வேலையற்றுப்போய் ரிம்மைத் துளைபோட்டுப் பெரிதாக்கியவர்களும் உண்டு, வேண்டாம். சொந்த ட்யூப் இரண்டும், பெட்ரோல் பங்க் காற்றுக்குழாயில் பொருந்தும் பித்தளை அடாப்டர் ஒன்றும் பையில் இருந்தால் போதும்.

கல்லணைக் கால்வாய், நம் ஊர்ப் பேச்சில் புது ஆறு, மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டி 1934இல் முடிந்தது. தொடங்கும் கல்லணையிலிருந்து பேராவூரணிப் பக்கம் வரை சுமார் 148 கி.மீ. கல்லணையிலிருந்து தஞ்சாவூர் வரை ஏறக்குறைய 40 கி.மீ. புதிதாக வருகிறவருக்கு இந்த முதல் துண்டே ஒரு காலைப்பொழுதுக்குச் சரி. தஞ்சைக்கு வடக்கே காவிரியும் வெண்ணாறும் தட்டையான வண்டல் நிலத்தில் ஓடுகின்றன. புது ஆறோ தெற்கே ஒதுங்கி, வல்லத்துச் செம்பாறாங்கல் மேட்டின் ஓரமாகப் போகிறது. அதனால் வலப்பக்கம் மேடும் பள்ளமுமான செம்மண் காடு, இடப்பக்கம் வயல். ஒரே பயணத்தில் இரண்டு வகை மண்ணும் டயருக்கடியில் வரும் பாதை டெல்டாவில் வேறு இல்லை என்பது எங்கள் கட்சி.

மாதம் முக்கியம். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. தண்ணீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். கால்வாயில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை நல்லது. ஆனால் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் சைக்கிள் எம்மாத்திரம். காற்று மேற்கிலிருந்து வரும். ஆகவே கல்லணையில் தொடங்கிக் கிழக்கே தஞ்சைக்குப் போங்கள். காற்று முதுகைத் தள்ளும். திரும்பியும் அதே கரையில்தான் வரவேண்டுமென்றால் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்: விடியலில், காற்று எழும்பும் முன்பே, தஞ்சையிலிருந்து மேற்கே ஏறிவிட்டு, பத்து மணிக்கு மேல் இறங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரைப்பக்கமே போகவேண்டாம். அந்த மூன்று மாதம் செம்மண் பசையாகிவிடும். வண்டல் களிமண் இன்னும் மோசம். டயருக்கும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிச் சக்கரத்தையே பூட்டிவிடும். அந்த இடைவெளி ஒரு பக்கத்துக்கு 6 மி.மீ.யாவது இல்லாத சைக்கிள் இந்த மண்ணுக்கு லாயக்கில்லை. பொங்கல் முடிந்து மார்ச் வரை பாதை கெட்டியாக இருக்கும். கால்வாய் காய்ந்திருப்பது ஒன்றுதான் குறை.

கெட்டியாக இருப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. நடவுக்கு உழுத டிராக்டர்கள் இரும்புக் கேஜ் வீலைக் கழற்றாமலே கரையேறி வரும்போது ஈரத்தில் பதியும் வரிகள், தை மாதம் காய்ந்து செங்கல்போல் இறுகி நிற்கும். முன்சக்கரம் அந்த வரிக்குள் இறங்கிவிட்டால் ஹேண்டிலைத் திருப்பி வெளியே வரப் பார்க்காதீர்கள், விழுவது அங்கேதான். மிதியை விடாமல் வரியோடு போய், அது ஆழம் குறையும் இடத்தில் ஏறுங்கள். புதிதாக ஒன்றரை அங்குல ஜல்லி கொட்டிய இடத்தில் இருக்கையில் சற்றுப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, கைப்பிடியைத் தளர்த்தி, கொஞ்சம் கனமான கியரில் ஒரே வேகத்தில் மிதித்தால் சைக்கிள் தானே வழி தேடிக்கொள்ளும். முன் பிரேக்கை மட்டும் தொடாதீர்கள்.

காற்று அளவுக்கு வருவோம். கடைக்காரர்கள் எல்லாருக்கும் 60 பவுண்டு ஏற்றிவிடுகிறார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 40 மி.மீ. டயரில் ட்யூப் இருந்தால் முன்னே 40, பின்னே 45 பவுண்டு போதும். ட்யூப்லெஸ் என்றால் 30, 34. அதற்கு மேல் ஏற்றினால் ஒவ்வொரு கல்லிலும் டயர் துள்ளும், உள்ளங்கை மரத்துப்போகும். ரொம்பக் குறைத்தால் கல் விளிம்பில் ட்யூப் ரிம்மோடு நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் விழும். பஞ்சரில் இரட்டைக் கீறல் கண்டால் முள்ளைத் தேடாதீர்கள். அது காற்றுக் குறைவு.

முள் இந்தக் கரையில் இரண்டு வகை. நெருஞ்சி மேலாகக் குத்தும், பிடுங்கினால் வந்துவிடும். சீமைக்கருவேல முள் அப்படியில்லை. டயருக்குள் புகுந்து, வெளியே தெரியும் முனை முறிந்து, உள்முனை மட்டும் ரப்பருக்குள் நிற்கும். புது ட்யூப் போட்டுப் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்குவது இதனால்தான். விரலால் தடவிப் பார்த்தால் கை கிழியும். பழைய பனியன் துணியை டயரின் உட்புறம் ஒரு சுற்று இழுங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். ஒட்டுப் போடுகிறவர்கள் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவியபின் ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வெயிலில் கழன்றுவிடும். ட்யூப்லெஸ் வைத்திருப்பவர்கள் டயருக்கு 80 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றி, நம் வெயிலுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் குலுக்கிப் பாருங்கள். சளசளவென்று சத்தம் கேட்காவிட்டால் உள்ளே காய்ந்துவிட்டது.

அறுவடைக் காலத்தில் வைக்கோல். பாதையில் பரப்பிய வைக்கோல் மெத்தைமேல் கியர் சைக்கிளை ஓட்டினால், ஒரு தாள், கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பின் டிரெய்லியரின் குட்டிப் பல்சக்கரத்தில் சுற்றும், அது பத்துத் தாளை இழுக்கும், கடைசியில் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் ஒடியும். அந்தத் துண்டு சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். தஞ்சைக் கடையில் உங்கள் மாடல் இருக்கும் என்று நம்பவேண்டாம், ஒன்று கையில் இருக்கட்டும். வைக்கோலில் இறங்கி நடப்பதே சுலபம். பாதையில் நெல் காயப்போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், சுற்றிப் போவதுதான் முறை.

மேடு வேண்டும் என்பவர்களுக்குத் துறையூருக்கு வடக்கே பச்சைமலை இருக்கிறது. சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறுவது தார்ச்சாலைதான். மேலே போனபின் ஊருக்கு ஊர் மண்பாதை. முன்பல்லும் பின்பல்லும் சம எண்ணிக்கையில் வரும் கியராவது இருந்தால்தான் முட்டி தாங்கும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் பாதை பிரியக் கூடாது.

இனி நீர்வளத்துறைக்கு. கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்க 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய வேலையில், பல இடங்களில் சரிவுக்கும் கான்கிரீட் போட்டாயிற்று. தண்ணீர் வீணாகாது, நல்லதுதான். ஆனால் பாசி பிடித்த கான்கிரீட் சரிவில் விழுந்தவர் கைப்பிடிக்க ஒரு புல்கூட இல்லை. சைக்கிள்காரரை விடுங்கள், மாடு குளிப்பாட்டுகிறவர், துணி துவைக்கிறவர், குழந்தைகள் எல்லாருக்கும் ஆபத்து. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு படிக்கட்டும், நடுவே பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் வேண்டும். கரைமேல் ஜல்லியை விரித்ததோடு நிறுத்தாமல், மேலே கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி முடித்தால்தான் கல் பூட்டிக்கொள்ளும். பாதியில் விட்ட ஜல்லி முதல் மழையிலேயே கால்வாய்க்குள் சரிகிறது. மணல் வண்டியைத் தடுக்கக் குறுக்கே கம்பி போடும் இடங்களில் ஓரமாக இரண்டடி விட்டால் சைக்கிளும், தலைச்சுமையோடு நடப்பவரும் போகலாம். லாரி நுழையாது.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டுபவர்களும் பழுது பார்ப்பவர்களுமான வாசகர்கள் சிலர்,
தஞ்சாவூர்.