கிரெடிட் கார்டை மூடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டி முடித்த கையோடு அந்தக் கார்டை மூடிவிட்டால், கடன் தருவோர் பார்க்கும் நம் கடன் நம்பகத்தன்மை மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் உயரும் என்று பலரும் நம்புகின்றனர். ஆனால் பல நேரங்களில் அது இறங்கவே செய்கிறது. 1,20,000 ரூபாய், 80,000 ரூபாய் என்ற வரம்புகளில் இரண்டு கார்டுகள் வைத்திருப்பவர் மாதம் 40,000 ரூபாய் செலவிட்டால், மொத்த வரம்பில் 20 சதவீதத்தையே பயன்படுத்துகிறார். பெரிய வரம்புள்ள கார்டை அவர் மூடியதும், செலவு ஒரு ரூபாய்கூடக் கூடாத நிலையிலும், அதே தொகை 50 சதவீதமாகிவிடுகிறது. 300 முதல் 900 வரை தரப்படும் ஸ்கோரைக் கணிப்பதில் இந்த விகிதம் முக்கியமானது; இது கூடினால் ஸ்கோர் இறங்கக்கூடும். அடுத்த சில மாதங்களில் வீட்டுக் கடன் கேட்கவிருக்கும் குடும்பத்துக்கு இந்த இறக்கம் கூடுதல் வட்டியாகவே எதிரொலிக்கக்கூடும்.

ஆண்டுக் கட்டணம் பிடிக்கும் கார்டு என்றால், கட்டணமில்லாத வகைக்கு மாற்றித் தர முடியுமா என்று முதலில் கேட்கலாம். கையில் கார்டு இருந்தாலே செலவு கட்டுக்கடங்காமல் போகிறவர்கள், ஸ்கோர் சற்று இறங்கினாலும், மூடிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பாக்கியில்லாத கார்டை மூடக் கோரினால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. அந்தக் கோரிக்கையை ஏற்கும் வேளையிலேயே, வரம்பு குறைவதால் ஸ்கோருக்கு நேரக்கூடிய பாதிப்பையும் வங்கிகள் தமிழில் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி