சப்ளையரை மாற்றும் முன்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். புதிதாக ஒருவர் 5 சதவீதம் குறைத்துக் கோட்டேஷன் கொடுத்திருக்கிறார், பழையவர் இந்த மாதம் சரக்கைப் பிந்தி அனுப்பினார், மாற்றிவிடலாமா என்று கேட்டாய். முடிவு உன்னுடையது. ஆனால் அதற்கு முன் பழையவரின் பில்களை எடுத்து, பணம் போன தேதிகளைப் பார். 30 நாள் தவணை என்று பேசிவிட்டு 50ஆம் நாள் பணம் போயிருந்தால், சரக்கு ஏன் பிந்தியது என்பதற்கு விடை உன் மேசையிலேயே இருக்கலாம்.

அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். அவருக்கு மூலப்பொருள் தருகிறவரும் பாக்கி கேட்டு நிற்பார். சரக்கு தட்டுப்பாடான நாளில் நாலு பேர் கேட்டால் யாருக்கு முதலில் லோடு ஏற்றுவார்? சொன்ன தேதியில் பணம் தருகிறவருக்குத்தான். பெரிய ஆர்டர்காரர்கூடப் பல நேரம் அவருக்குப் பின்னால்தான்.

30 நாள் தவணையில், 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி என்று சிலர் பில்லிலேயே போடுவார்கள். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதே. 20 நாள் முன்னதாகக் கொடுப்பதற்கு 2 சதவீதம் என்றால், ஆண்டுக் கணக்கில் அது சுமார் 37 சதவீத வட்டி. சிலர் 30ஆம் நாள் கட்டிவிட்டு அந்த 2 சதவீதத்தையும் பிடித்துக்கொள்வார்கள். அதை மட்டும் நீ செய்யாதே, கண்ணு. கேட்கக் கூச்சப்பட்டு அவர் சும்மா இருப்பார், ஆனால் மறக்க மாட்டார்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான்: கெட்ட செய்தியை அவர் முதலில் உன் வாயால் கேட்க வேண்டும். பணம் தாமதமாகும் என்றால் தவணை முடிவதற்குள் கூப்பிட்டு, எந்த நாள் வரும் என்று சொல். அடுத்த மாதம் ஆர்டர் பாதியாகும் என்று தெரிந்தால், அவர் மூலப்பொருள் வாங்கிப் போடுவதற்கு முன்பே சொல். அப்போதுதான் அவரும் மெஷின் நின்றுபோனதை உன்னிடம் மறைக்காமல் சொல்வார். 'நாளைக்கு வந்துடும்' என்றே தினமும் சொல்கிற சப்ளையர்கள் பலர், உண்மையைச் சொன்னால் திட்டு விழும் என்று பயந்தவர்கள்.

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று எரிந்துபோனது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சிறிய வால்வு ஏறக்குறைய முழுக்க அங்கேதான் தயாரானது. சரக்கைக் குவித்து வைக்காமல் தேவைக்கு மட்டும் வாங்குவது டொயோட்டாவின் முறை. அதனால் கையிருப்பு மிகக் குறைவு. சில நாளிலேயே ஜப்பானில் அதன் கார் ஆலைகள் பெரும்பாலும் நின்றுவிட்டன. ஐசின் தன் வரைபடங்களை மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது. விலை என்ன, உரிமை யாருக்கு என்று பேசி முடிக்காமலே அவர்கள் வேலையில் இறங்கினார்கள். தையல் மெஷின் செய்கிற பிரதர் நிறுவனம்கூட அந்த வால்வைச் செய்து கொடுத்தது. சுமார் ஒரு வாரத்தில் உற்பத்தி ஏறத்தாழப் பழைய நிலைக்கு வந்தது. அவர்கள் செலவைப் பிறகு ஐசின் ஈடுகட்டியது, டொயோட்டாவும் தன் பங்குக்குப் பணம் கொடுத்தது. எழுதி வாங்காமலே இத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்றால், அதற்கு முன் எத்தனை வருஷம் ஒழுங்காகக் கணக்குத் தீர்த்திருக்க வேண்டும், யோசித்துப் பார்.

அதற்காக ஒரே ஆளை நம்பியும் இருந்துவிடாதே. 2000 மார்ச்சில் அமெரிக்காவின் அல்புகர்க்கியில் பிலிப்ஸின் சிப் ஆலையில் மின்னலால் சிறிய தீ. நோக்கியா, எரிக்சன் இரண்டுமே அங்கே சிப் வாங்கின. நோக்கியா உடனே பிலிப்ஸோடு உட்கார்ந்து மாற்று ஏற்பாடு செய்துகொண்டது. எரிக்சன் தாமதித்தது, அதற்கு வேறு சப்ளையரும் இல்லை. அந்த ஆண்டு அதன் செல்போன் பிரிவு பெரும் நஷ்டம் கண்டது.

ஆகவே புதியவருக்கும் ஒரு சின்ன ஆர்டர் கொடுத்துப் பார். சாம்பிளை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதே, மூன்றாவது நாலாவது லோடில்தான் தரம் தெரியும். ஆனால் ஒருவர் கோட்டேஷனை இன்னொருவரிடம் காட்டி விலை பேசாதே. காட்டினால், தன் கோட்டேஷனும் நாளை வேறு இடத்துக்குப் போகும் என்று பார்க்கிறவர் புரிந்துகொள்வார். சரக்கில் குறை இருந்தால் எந்த லோடு, எத்தனை, என்ன குறை என்று போட்டோவோடு அன்றைக்கே அனுப்பு. பணம் கட்டும் நாளில் பழைய குறையைத் தோண்டாதே.

இந்த வாரமே பழையவரை நேரில் போய்ப் பார். பாக்கி இருந்தால் தீர்த்துவிட்டுப் போ. அவர் பட்டறையைச் சுற்றிக் காட்டச் சொல், எங்கே வேலை தேங்குகிறது என்று கேள். உன் ஆர்டரைப் பத்து நாள் முன்னால் தந்தால் அவருக்கு எவ்வளவு வசதி, அதற்கு விலையில் என்ன செய்ய முடியும் என்றும் கேள். அவர் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா