மாஹிம் மாவ்ஷிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அம்மா நலம். விசாரித்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

2021 மே மாதம் வீசிய டவ்-தே புயல் பற்றி மும்பைக்காரர்களிடம் நான் விவரிக்க வேண்டியதில்லை. கொலாபாவில் காற்று மணிக்கு 114 கிலோமீட்டர், சாந்தாகுரூஸில் 230 மி.மீ. மழை. இத்தனைக்கும் புயல் இங்கே கரையேறவே இல்லை. கடலோடு போய் குஜராத்தில்தான் ஏறியது. எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, குளியலறைச் சாக்கடை வழியாக வந்தது. காற்று தள்ளிய கடலும் ஓதமும் சேர்ந்து கால்வாய் வாயை அடைத்தால் மழைநீர் வேறெங்கே போகும்?

கரண்ட் போனது. ஃப்ரிட்ஜில் அம்மாவின் இன்சுலின். கொரோனா ஊரடங்கில் கிடைக்காமல் போகுமோ என்று சேர்த்து வாங்கிவைத்தது.

பின் சந்தில் மீன் விற்கும், கோலி என்னும் மீனவர் சமூகத்து மாவ்ஷி (மராத்தியில் சித்தி) அப்போதுதான் வந்தார். நாங்கள் மீன் சாப்பிடாதவர்கள். அவரிடம் ஒரு ரூபாய்க்கு வியாபாரம் செய்ததில்லை. தொற்றுக்குப் பயந்து யாரும் யார் வாசலிலும் நிற்காத நாட்கள் வேறு. "ஆயியோட ஊசி மருந்து எங்கே?" என்றார். அவர் கணவரும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவராம். படகுகள் கடலுக்குப் போகாததால் ஐஸ் பெட்டியில் இடம் இருந்தது. மருந்தைத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஐஸில் படாமல் மேல்தட்டில் வைத்தார். உறைந்தால் கெட்டுவிடும் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அவர் வீட்டிலும் முழங்கால் தண்ணீர். பெட்டியை மச்சில் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சாமான்களைப் பார்த்திருக்கிறார்.

டப்பா திரும்பி வந்தபோது பொம்பில் மீன் வாடை. மீன்காரி தெருவில் போனாலே ஜன்னலைச் சாத்தும் அம்மா, "இனிமே இந்த வாசனை இல்லாட்டி மருந்து ஏறாது போல" என்கிறார். பணம் கொடுக்கப் போனேன். "ஐஸ் எப்படியும் உருகத்தானே போகுது, பாவூ" என்று கையைத் தட்டிவிட்டார்.

பீரோவையும் அரிசி டிரம்மையும் மாடிக்குத் தூக்கிய பையன்கள், இட்லி அனுப்பிய தாராவி நண்பர்கள், மழையிலேயே நின்று பம்பு ஓட்டிய மாநகராட்சி ஊழியர்கள், படுக்க இடம் கொடுத்த மேல்வீட்டார், எல்லோருக்கும் நன்றி. பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போகும்.

இனி ஜன்னல் சாத்துவதில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார், பார்ப்போம். மாவ்ஷியின் மீனவர் குடியிருப்பான கோலிவாடாவில் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்து கிடக்கின்றன, வலைகளும் போயிற்று. எதிரே மழைக்காலம். எங்கள் கட்டடத்தில் பழுதுச் செலவுக்குப் பணம் சேர்க்கிறோம். மாட்டுங்கா, சயான், தாராவி பக்கம் இருப்பவர்கள் சேர்ந்துகொள்வதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.