டிங்கிளில் எங்களுக்குக் கேட் திறந்துவிட்டவர்களுக்கு

சேச்சி, முதல் நன்றி உங்களுக்குத்தான். பாலக்காட்டுக்காரர் என்பதால் இந்த மடலைத் தமிழிலேயே படித்துவிடுவீர்கள் என்று தெரியும். அந்தச் சனி, ஞாயிறு நைட் இரண்டையும் நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் டிங்கிள் பக்கத்துப் பழைய கல் கோட்டைகளைப் பார்க்கப் போகாமல், நர்ஸ்கள் நாங்கள் மூன்று பேரும் கார்க் நகரத்தில் ரோஸ்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருப்போம். அடுத்த மாதம் இரண்டு நைட் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு சைஸ் பெரிய பூட்ஸைக் கொடுத்து, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று சொன்ன ஃபிலிப்பைன்ஸ் தோழிக்கு: சரியாகவே இருந்தது. சேற்றைக் கழுவிவிட்டேன், வாடைதான் போக மாட்டேன் என்கிறது, மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு இதை எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். அவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது, பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அயர்லாந்தில் இருக்கிற நம் ஆட்கள் நாலு பேராவது படிப்பார்கள், அடுத்த லீவுக்கு அந்தப் பக்கம் போவார்கள், போகிறவர்கள் அந்த மனிதர்களைப் பார்த்தால் ஒரு வணக்கம் வைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கெர்ரி மாவட்டம் அட்லாண்டிக் கடலுக்குள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வடக்கே இருக்கிற பெரிய விரல் டிங்கிள். ஊர்ப் பேருக்கு ஐரிஷில் கோட்டை என்றே அர்த்தம். மேற்கே போகப் போக எல்லோரும் ஐரிஷ் பேசுகிற பகுதி, அதனால் கைகாட்டிப் பலகைகளிலும் ஐரிஷ் மட்டும்தான். கையில் இருந்த மேப்பில் ஒரு பேர், பலகையில் வேறு பேர். பெட்ரோல் பங்கில் இருந்த அம்மா ஒருவர், நாங்கள் முழித்ததைப் பார்த்து, பில் காகிதத்தின் பின்பக்கத்தில் ஏழெட்டு ஊர்களின் பேரை இரண்டு விதமாகவும் எழுதிக் கொடுத்தார். மூன்று நாளும் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் ஓட்டினோம். இப்போது அது என் பர்ஸில் இருக்கிறது.

அவர் சொல்லாத ஒன்று, அல்லது சொல்லி நாங்கள் காதில் வாங்காத ஒன்று: டிங்கிளில் கிளம்பி ஸ்லே ஹெட் முனையைச் சுற்றி டிங்கிளுக்கே திரும்பும் அந்த ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சாலையில் கடிகார முள் போகிற திசையில்தான் போக வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் சுற்றுலா பஸ் எல்லாம் அப்படித்தான் வரும். நாங்கள் எதிர்த்திசையில் போனோம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இடுப்பளவுச் சுவர், அதற்குக் கீழே கடல். வெள்ளைச் சிலுவைச் சிற்பம் நிற்கிற வளைவில் முழு நீள பஸ் ஒன்று வந்து எங்கள் மூக்குக்கு நேரே நின்றது. ரிவர்ஸ் எடுக்க எனக்குக் கால் நடுங்கியது. டிரைவர் அண்ணன் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் தட்டி, "ஸ்டியரிங்கை மட்டும் பிடி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, காருக்குப் பின்னால் நடந்துகொண்டே, கையால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று காட்டி, நூறு மீட்டர் தூரம் எங்களைப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தவைத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அண்ணா, அது கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை எங்களுக்குள் சண்டை.

அதற்கு முன்னால் கேலரஸ். இது கோட்டை இல்லை, சின்னஞ்சிறு ஜெபக்கூடம், ஆனால் அந்தக் கோட்டைகளைப் புரிந்துகொள்ள இங்கேதான் முதலில் போக வேண்டும் என்பேன். கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி இருக்கும். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, மணற்கல்லை வரி வரியாக அடுக்கி, ஒவ்வொரு வரியையும் கீழ் வரியைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மேலே போய் இரண்டு பக்கமும் சேர்ந்துவிடுகிறது. சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. 8ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு, 12 என்பவர்களும் உண்டு. எது ஆனாலும் இன்றைக்கும் ஒழுகவில்லை. நாங்கள் போய் நின்ற ஐந்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது, அங்கே நின்ற பத்துப் பேரும் குனிந்து உள்ளே புகுந்தோம். ஒரு வாசல், எதிர்ச் சுவரில் ஒரு குட்டி சன்னல், அவ்வளவுதான் வெளிச்சம். சுவரைத் தடவிப் பார்த்தேன், சில்லென்று இருந்தது, ஈரம் இல்லை.

எப்படி என்று நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு டன்குவின் ஊர்ப் பாட்டி ஒருவர் காட்டித் தந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, விரல் நுனிகளைக் கொஞ்சம் கீழே சாய்த்தார். "கல்லை மட்டமாக வைக்கவில்லை, வெளிப்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள், தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி மூன்று பேரும் "வெளியே" என்றோம். பிறகு வாசலுக்கு மேலே உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கற்களையும் அவற்றில் இருந்த ஓட்டைகளையும் காட்டி, கதவு அதில்தான் தொங்கியிருக்கும் என்றார். பாட்டி, மழை விட்ட பிறகும் நீங்கள் போகவில்லை. உங்கள் ஊருக்கு எதிரே கடலில் இருக்கும் பிளாஸ்கெட் தீவைப் பற்றியும் சொன்னீர்கள், 1953இல் அங்கே மிச்சமிருந்த 22 பேரையும் அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்துவிட்டதை. சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை, உங்கள் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் ஊரை விட்டு வந்தவள்தான், ஆனால் எனக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கிறது. அதனால் ஒன்றும் பேசாமல் நின்றேன்.

சரி, ஆடு விஷயத்துக்கு வருகிறேன், இதில் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

ஃபாஹன் என்கிற மலைச்சரிவில் தேன்கூடு மாதிரியான கல் குடிசைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பார்க்கிற மாதிரி முழுசாக நிற்பது கொஞ்சம்தான், மற்றவை கல் குவியலாகப் புல்லுக்குள் கிடக்கின்றன. எல்லாமே பழசு என்றும் சொல்ல முடியாதாம், சமீப காலம் வரைக்கும்கூட விவசாயிகள் இதே மாதிரிக் கல்லை அடுக்கித் தட்டுமுட்டுச் சாமான் வைக்கக் கட்டியிருக்கிறார்கள். இவை நிற்பது தனியார் பண்ணைகளில். அயர்லாந்தில் அடுத்தவர் நிலத்தில் நடக்கலாம் என்று பொது உரிமை எதுவும் கிடையாது, நிலத்துக்காரர் மனசு வைத்தால்தான் உள்ளே போக முடியும். நாங்கள் போன பண்ணையில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ வாங்கிக்கொண்டு விட்டார்கள். அது அதிகம் என்று என்னுடன் வந்தவள் முணுமுணுத்தாள். வேலியைப் பார்த்துக்கொள்வது அவர்கள், புல் வெட்டுவது அவர்கள், நம்மைப் போல வருகிறவர்கள் செய்கிற கூத்தைச் சகித்துக்கொள்வதும் அவர்கள், எனக்கு என்னவோ குறைவு என்றே பட்டது.

கூத்து இதுதான். மேலே போகும் வழியில் இருந்த இரும்புக் கேட்டை நீல நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் போனோம், வரும்போது கட்டினோம், ஆனால் எங்கள் முடிச்சு நிற்கவில்லை. காருக்கு வந்து திரும்பிப் பார்த்தால் ஆறேழு ஆடுகள் சாலையில் ஹாயாக நடந்து போகின்றன. பண்ணைக்கார அம்மா வெளியே வந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்கள் மூவரையும் சாலைக்குக் குறுக்கே கை விரித்து நிற்கவைத்து, அவர் பின்னாலிருந்து ஏதோ ஒரு சத்தம் கொடுத்தார், ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்குள் போய்விட்டன. பிறகு அந்த நீலக் கயிற்றை என் கையில் கொடுத்து, இரண்டு சுற்று சுற்றி, உள்ளே விட்டு, இழு என்று சொல்லிக் கட்டவைத்தார். ஐசியூவில் எத்தனை முடிச்சு போட்டிருப்பேன், இது தெரியவில்லை. அம்மா, இப்போது தெரியும். போகிறவர்கள் கவனிக்க: கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள், மூடியிருந்தால் மூடி, திறந்திருந்தால் திறந்தே.

டன்பெக் கோட்டை அங்கிருந்து பக்கம். மூன்று பக்கம் செங்குத்தாகக் கடல், நாலாவது பக்கம் மட்டும் நிலம், அதைக் குறுக்கே அடைத்துவிட்டால் கோட்டை தயார். கேட்க எளிது. ஆனால் நாலு மண்கரை, ஐந்து அகழி, அதற்கு உள்ளே கனமான கல் சுவர், வாசலில் காவல் அறைகள், கீழே ஒரு சுரங்க வழி என்று கட்டியிருக்கிறார்கள். 1977இல் தோண்டிப் பார்த்ததில் கிறிஸ்து பிறப்பதற்கும் சில நூற்றாண்டுகள் முன்பே இங்கே அகழி வெட்டியிருந்தது தெரிந்ததாம், உள்ளே இருக்கும் கல் வீட்டிலோ 10, 11ஆம் நூற்றாண்டில் ஆள் குடியிருந்திருக்கிறார்கள். எதிரிகள் என்ன செய்தார்களோ தெரியாது, கடல் விடவில்லை. 2014 தொடக்கத்தில் அடித்த புயலில் ஒரு பகுதி அப்படியே கீழே போனது, அதற்கப்புறமும் சரிந்திருக்கிறது. நாங்கள் மேலேயிருந்து தூரத்தில் பார்த்ததோடு சரி. வாசல் பக்கம் வெட்டுப்பட்ட ரொட்டி மாதிரி தெரிந்தது. அங்கே நின்று இவ்வளவையும் எங்களுக்குச் சொன்ன, பைனாகுலரையும் கேட்காமலே கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதிக்கு நன்றி. சாண்ட்விச்சுக்கும்.

கடைசி நாள் கஹர்கான்ரீ. இதுவும் அதே மாதிரி மூன்று பக்கம் சரிவு, நாலாவது பக்கம் சுவர், ஆனால் கடலோரத்தில் இல்லை, மலைமேல், 600 மீட்டருக்கும் மேலே. அடையாளக் கம்பங்களைப் பார்த்துப் பார்த்து ஏறினோம், சேறு கணுக்காலுக்கு மேல். மேலே போய்ச் சேர்ந்து, அகலமான அந்த இடிந்த சுவரின் மேல் உட்கார்ந்து புளிச்சாதத்தைப் பிரிக்கும்போது எதிரே விரிகுடா முழுசும் தெரிந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் மூடுபனி பஞ்சு மாதிரி வந்து மூடிவிட்டது. பக்கத்தில் இருப்பவள் முகம் தெரிகிறது, அடுத்த கம்பம் தெரியவில்லை. ஒருத்திக்குக் கால் வேறு பிசகியது. மூன்று நர்ஸ், ஒரு க்ரேப் பேண்டேஜ், கட்டிவிட்டோம். ஆனால் எந்தப் பக்கம் இறங்குவது?

முதலில் வந்தது நாய். அதன் பின்னால் நீங்கள், மலையில் வந்த அண்ணன். சத்தம் கேட்டு வந்தேன் என்றீர்கள், அவ்வளவு சத்தமாகவா புலம்பினோம்! எனக்குப் பல் கிட்டுவதைப் பார்த்து உங்கள் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் ஸ்வெட்டரோடு முன்னால் நடந்தீர்கள். நடக்கிற நேரமெல்லாம் கதை. இது கூ ரீ என்கிற மந்திரவாதி ராஜாவின் கோட்டை, ராத்திரியானால் திருகைக் கல் மாதிரி சுற்றத் தொடங்கிவிடும், பொழுது சாய்ந்தபின் எவனுக்கும் வாசல் அகப்படாது, அதனால் வழி தெரியாமல் நின்றதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம் என்றீர்கள். அப்புறம் அவன் தூக்கி வந்த பிளாநத், உள்ளிருந்தே ஓடையில் பாலை ஊற்றி, தண்ணீர் வெளுத்து ஓடியதைப் பார்த்துக் கீழே காத்திருந்த காதலன் ஏறி வந்து அவனைக் கொன்ற கதை. ஓடைக்கு இன்றும் வெள்ளை ஓடை என்றுதான் பேராம். மந்திரவாதியே ஆனாலும் வீட்டுக்குள்ளிருந்து வந்தால் தப்ப முடியாது போல. கால் பிசகியவள் வலியை மறந்து, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிவிட்டாள். சாலை தெரிந்ததும் நீங்கள் திரும்பி மலை ஏறத் தொடங்கியபோதுதான், எங்களுக்காக உங்கள் வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்திருக்கிறீர்கள் என்று உறைத்தது. மழைக்கோட்டை அப்போதே திருப்பித் தர மறந்ததற்கும் அதுதான் காரணம், வாய் திறக்கவே வரவில்லை.

அன்று இரவு ட்ரலீ ஊரில் ஓர் அண்ணன், அண்ணி வீட்டில் விழுந்தோம். முன்பின் தெரியாதவர்கள், தோழியின் தோழிக்குத் தெரிந்தவர்கள். கதவைத் திறந்ததும் எங்கள் கோலத்தைப் பார்த்து அண்ணி கேட்ட முதல் கேள்வி, "ரசம் வைக்கவா?" அண்ணி, அந்த மிளகு ரசத்துக்கு நான் என்ன எழுதினாலும் போதாது. உங்கள் பையன்தான் ஐரிஷில் நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்தான், குர மா அகிவ், உங்களிடம் நன்மை இருக்கட்டும் என்று வார்த்தைக்கு வார்த்தை அர்த்தமாம். நம் பழைய தமிழிலும் நன்றி என்றால் நன்மைதானே என்றேன். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

கடைசியாக மலையில் வந்த அண்ணனுக்கு. உங்கள் கோட்டைத் துவைத்து (மேலே இருப்பதை அல்ல, மாட்டிக்கொள்வதை), நீங்கள் போகிறபோக்கில் சொன்ன கடையின் முகவரிக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். வலது பையில் நாய் பிஸ்கட் இருந்தது, அது துவைத்ததில் கரைந்துபோனது, புதுப் பாக்கெட் வைத்திருக்கிறேன். இடது பையில் நீல நைலான் கயிறு மூன்று துண்டு இருந்தது. இரண்டுதான் இருக்கும். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், முடிச்சு மறந்துவிடாமல் இருக்க.