‘துப்பாக்கிக் கலாச்சாரம்’ என்று தலைப்பிடும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் தலைப்புகள் எனக்கு மனப்பாடம். ‘அமெரிக்காவில் மீண்டும் தலைவிரித்தாடும் துப்பாக்கிக் கலாச்சாரம்.’ ‘மர்ம நபர் வெறிச்செயல்.’ எப்போதாவது ஒரு மாறுதலுக்கு, ‘கொலையாளியைச் சுட்டு வீழ்த்திய ஹீரோ.’ துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரண மனிதருக்கு உங்களிடம் இருப்பது இந்த இரண்டு வேடங்கள்தான், வெறியன் அல்லது வீரன். நான் டெக்சஸில் வசிக்கிறேன். இடுப்பில் கைத்துப்பாக்கியோடு வெளியே போகிறவன். இரண்டு வேடமும் எனக்குப் பொருந்தவில்லை; நான் அறிந்த யாருக்கும் பொருந்தவில்லை.

துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. என் முடிவு சரியா என்று எனக்கே பல இரவுகள் கேள்வி வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை யோசிக்கத் தேவையான எதுவும் உங்கள் செய்திகளில் கிடைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பியவர்களில் பெரும்பாலோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தும் உரிமத்துக்கான வகுப்புக்குப் போனேன். சட்டப்படி அது நான்கிலிருந்து ஆறு மணி நேரம். சுடச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போனவனுக்கு, எப்போதெல்லாம் சுடக் கூடாது என்பதுதான் பாடமாக இருந்தது. வாய்ச்சண்டை முற்றாமல் விலகுவது எப்படி, வீட்டில் குழந்தைகள் கையில் சிக்காமல் பூட்டி வைப்பது எப்படி, துப்பாக்கிக்குத் தடை என்று எந்தப் பலகை மாட்டிய கடைக்குள் போகக் கூடாது, இப்படி. சாலையில் ஒருவன் குறுக்கே வந்து கெட்ட வார்த்தையில் திட்டினால், தப்பு அவனுடையதாகவே இருந்தாலும், தலையைக் குனிந்துகொண்டு போ என்றார் பயிற்சியாளர். இடுப்பில் துப்பாக்கி இருக்கும்போது ரோஷப்படும் உரிமை உனக்கு இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த வகுப்பில் நான் கற்ற பெரிய பாடம் அதுதான். எந்தத் திரைப்படத்திலும் துப்பாக்கிக்காரன் இப்படித் தலைகுனிந்து போவதை நான் பார்த்ததில்லை.

கடைசியில் சுடும் தேர்வு. மொத்தம் 50 தோட்டாக்கள். 3, 7, 15 கெஜத் தூரங்களிலிருந்து. எதிரே இருப்பது காகிதம். அது ஓடாது, திருப்பிச் சுடாது, பின்னால் யாருடைய குழந்தையும் நிற்காது. நியூயார்க் காவல்துறையைப் பற்றி ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எதிராளியும் திருப்பிச் சுடும் மோதல்களில், பயிற்சி பெற்ற காவலர்கள் சுட்டதில் 18 சதவீதம்தான் இலக்கில் பட்டது. காகிதத்தில் தேர்ச்சி பெற்ற எனக்கு அந்த எண் எப்போதும் நினைவில் இருக்கும்.

வீரன் வேடத்துக்கு வருகிறேன். 2022 ஜூலை 17, இண்டியானாவின் கிரீன்வுட்டில் ஒரு வணிக வளாகம். மூன்று பேரைக் கொன்றவனை, அங்கே வந்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர் சில நொடிகளில் சுட்டு வீழ்த்தினார். உண்மையிலேயே பல உயிர்களைக் காத்த செயல். அதை நீங்கள் பெரிதாகப் போட்டதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இப்படி எத்தனை முறை நடக்கிறது என்று யாரும் எழுதவில்லை. 2000 முதல் 2013 வரை, மக்கள் கூடும் இடங்களில் கண்மூடித்தனமாகச் சுட்ட 160 தாக்குதல்களை அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஆராய்ந்தது. ஆயுதமே இல்லாத பொதுமக்கள் பாய்ந்து பிடித்து முடிவுக்குக் கொண்டுவந்தவை 21. காவல்துறை அல்லாத ஆயுதம் ஏந்தியவர்கள் சுட்டு முடிவுக்குக் கொண்டுவந்தவை 5. அந்த ஐந்திலும் நான்கில் சுட்டவர்கள் பாதுகாப்புக் காவலர்கள். உரிமம் வைத்திருந்த சாதாரண குடிமகன் ஒரே ஒருவர். வெறுங்கையோடு பாய்ந்தவர்களின் கதையை நீங்கள் ஏன் சொல்வதில்லை?

துப்பாக்கி ஏந்திய வீரனுக்கு அடுத்த நிமிடம் என்ன ஆகும் என்பதும் உங்கள் செய்தியில் வராது. 2021 ஜூன் 21, கொலராடோவின் ஆர்வாடா. காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவனை, பக்கத்துக் கடையிலிருந்து வெளியே வந்த ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் வீழ்த்தினார். விழுந்தவனின் ரைஃபிளை எடுத்தார். அப்போது அங்கே வந்த இன்னொரு காவலர் கண்ட காட்சி, கையில் ரைஃபிளோடு நிற்கும் ஓர் ஆள். சுட்டார். காப்பாற்றியவர் செத்தார். காவலர் மீது வழக்குப் போட முகாந்திரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் பின்னர் அறிவித்தார். இதில் யாரை வில்லனாக்குவீர்கள்? நான் துப்பாக்கி எடுத்துச் செல்லும் ஒவ்வொரு நாளும் இந்தச் சம்பவம் என்னோடு வருகிறது. அருகே நிற்பவர்களுக்கு யார் நல்லவன் என்று தெரியாது. நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது.

நெற்றியில் எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு. அது தோல் நிறம். 1967 மே 2 அன்று, கறுப்பின பிளாக் பாந்தர் அமைப்பினர் துப்பாக்கிகளோடு கலிபோர்னியாவின் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அதே ஆண்டு, தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடை விதிக்கும் மல்ஃபோர்ட் சட்டத்தில் அன்றைய ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். 2016இல் மின்னசோட்டாவில் துப்பாக்கி உரிமம் பெற்ற கறுப்பினத்தவரான ஃபிலாண்டோ காஸ்டில், காரை நிறுத்திய காவலரிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுடப்பட்டு இறந்தார். காவலர் பிறகு விடுதலையானார். வகுப்பில் எங்களுக்குக் கற்றுத்தந்த மரியாதை அதுவே, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடு என்பது. பழுப்புத் தோல்காரனான நான் அந்த வரியைக் கேட்டபோது குறிப்பெடுக்கவில்லை, கை ஓடவில்லை.

செய்தியாகவே ஆகாத பக்கம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், பாதிக்கும் மேல். துப்பாக்கி வைத்திருப்போரில் 72 சதவீதம் பேர் தற்காப்பையே முக்கியக் காரணமாகச் சொன்னார்கள் என்கிறது பியூ நிறுவனத்தின் 2023 கருத்துக்கணிப்பு. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் திருடனுக்காக வாங்கி வைத்தது, உள்ளே இருப்பவரின் மிக மோசமான இரவில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. என் வீட்டில் அது எண்பூட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. என் மனம் சரியில்லாத நாளில் பூட்டின் எண்ணை மாற்றிவிடும்படி மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் பொதுவெளியில் எழுதக் கூச்சமாக இருந்தாலும், யாராவது எழுதத்தானே வேண்டும்.

சொற்கள் பற்றியும் ஒன்று. ஏஆர்-15 ரகத் துப்பாக்கி எதைக் கண்டாலும் ‘இயந்திரத் துப்பாக்கி’ என்று எழுதுகிறீர்கள். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு தோட்டா மட்டும் வெளியேறுவது பகுதித் தானியங்கி. கடைகளில் விற்பது அது. இழுத்துப் பிடித்தால் தொடர்ந்து சுடுவதே இயந்திரத் துப்பாக்கி. பொதுமக்களுக்கென்று புதிதாக அதைத் தயாரித்து விற்க 1986 முதல் தடை. பகுதித் தானியங்கியே வகுப்பறைகளில் எத்தனை குழந்தைகளைக் கொல்ல முடியும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

இனி என் கோரிக்கை. 2018 நவம்பர் 22, நன்றி தெரிவிக்கும் நாள் இரவு. அலபாமாவின் ஹூவர் நகர வணிக வளாகம் ஒன்றில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது; ஓர் இளைஞர் குண்டடிபட்டார். கையில் துப்பாக்கியோடு தெரிந்த 21 வயதுக் கறுப்பின இளைஞர் எமான்டிக் பிராட்ஃபோர்டைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். வளாகத்தில் சுட்டவன் கொல்லப்பட்டான் என்று காவல்துறை அறிவித்தது. உலகமெங்கும் அப்படியே செய்தி போனது. மறுநாள், அந்தக் காயம்பட்டவரைச் சுட்டது அநேகமாக பிராட்ஃபோர்டு அல்ல என்று அதே காவல்துறை சொன்னது. ஒரு வாரத்தில் வேறொருவர் கைதானார். பிராட்ஃபோர்டு துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் பெற்றவர் என்றது குடும்பம்.

அந்த மறுநாள் செய்தியைத் தமிழில் தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. இனி இப்படி நடக்கும் நாளில், யார் சுட்டார் என்று உறுதியாகும்வரை இறந்தவரைக் ‘கொலையாளி’ என்று எழுதாமல் இருங்கள். எழுதிய பிறகு மறுப்பு வந்தால், முதல் செய்தியைப் போட்ட அதே இடத்தில், அதே அளவில், அவருடைய படத்தோடு அதையும் போடுங்கள்.

அன்புடன்,
டெக்சஸிலிருந்து உங்கள் நெடுநாள் வாசகன்